எம்.ஐ.ஏ.வின் முதல் ஐந்து வருடங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மின்னணு இசை செய்து பார்க்கும் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு கலைஞரின் ஆரம்பக் காலப் பாடல்களை மட்டும் கேட்பது எங்கள் வழக்கம். எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசத்தை எடுத்த மாதத்தில் வந்த சந்தேகங்கள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. உறவினர்கள், அலுவலக நண்பர்கள், கனடாவில் இருக்கும் ஒரு பெரியம்மா வரை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். 2000 முதல் 2005 வரைதான் கணக்கு. அதற்குப் பின்னால் போவது தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும்.

யாருங்க இவங்க? ஒரே மூச்சுல சொல்லுங்க.

மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். 1975 ஜூலை 18-இல் லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தவர். ராப், நடன இசை, கரீபியத் தாளம், மின்னணு ஒலி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறிய பாடகி. முதல் ஆல்பம் 'அருளர்' 2005-இல் வந்தது. உலகம் முழுக்கத் தெரியவந்தது 2008-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்காவில் நாலாவது இடம் வரை ஏறியபோது. நம்மூரில் பலருக்கு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாட்டுதான் அறிமுகம்.

இவா உண்மையிலேயே யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ, இல்லாட்டி லண்டனில பிறந்திட்டு சும்மா சொல்லுறாவோ?

இரண்டும் உண்மை. பிறந்தது லண்டன். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அப்பா இயக்க வேலைகளில் இருந்ததால் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றுதான் சொல்லி வைத்திருந்தார்களாம். இடையில் சில காலம் அம்மா கலா பிள்ளைகளோடு சென்னையிலும் இருந்தார். மறுபடி யாழ்ப்பாணம். 1986-இல், மாயாவுக்குப் பதினோரு வயது நிறையும் நேரத்தில், அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அகதிகளாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆக, பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பிய பிள்ளை. தென்மேற்கு லண்டனில் மிட்சம் பகுதியில், பிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு. ஆங்கிலம் கற்றது அங்கேதான். அம்மா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். வீட்டு வானொலிப்பெட்டி திருட்டுப் போனபிறகு, பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வந்த ஹிப்ஹாப்பைக் கேட்டுத்தான் அந்த இசை பிடித்துப்போனது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இசை எங்க படிச்சாங்க?

எங்கேயும் இல்லை. படித்தது லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில், திரைப்படமும் காணொளியும். 2000-இல் முடித்தார். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய ஆசை.

இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிக் கேள்விகளுக்கு நான் இங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

படம் எடுக்கப் போனவங்க பாட்டுக்கு எப்படி வந்தாங்க?

எலாஸ்டிகா என்று ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. 1995-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மனுக்கு மாயா தோழியானார். 2000-இல் வந்த 'தி மெனஸ்' ஆல்பத்தின் அட்டைப்படம் மாயா செய்தது. அந்தக் குழு அமெரிக்கப் பயணம் போனபோது கேமராவோடு கூடவே போனார். பயணத்தைப் படம் பிடிப்பதுதான் வேலை.

அதே பயணத்தில் எலாஸ்டிகாவுக்கு முன்னால் பாட மேடை ஏறியவர் பீச்சஸ் என்ற கனடாக்காரர். கையில் ஒரு ரோலண்ட் எம்சி-505 பெட்டி. அதைத் தட்டிவிட்டுத் தனி ஆளாக மேடையை ஆட்டுவார். அவருடைய 2000-ஆம் வருட ஆல்பமே அந்தப் பெட்டியை வைத்துச் செய்ததுதான். 'நீயும் செய்து பாரேன்' என்று மாயாவைத் தூண்டியவர் அவர். வாத்தியம் தெரியாத ஒருவருக்கு, வாத்தியக்காரர்கள் இல்லாமலே மேடை ஏறும் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்க முடியும்?

அப்புறம் ஃபிரிஷ்மனோடு கரீபியனில் பெக்வியா என்ற குட்டித் தீவுக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே தெருவில் ஒலிபெருக்கி கட்டி ஆடும் ஆட்டங்களைப் பார்த்தது இன்னொரு பொறி. லண்டனுக்குத் திரும்பி, ஃபிரிஷ்மனிடம் இருந்த பெட்டியிலேயே தாளங்கள் செய்ய ஆரம்பித்தார்.

அந்தப் பெட்டியில அப்படி என்ன இருக்கு?

எம்சி-505 என்பது 1998-இல் வந்த கருவி. ஆங்கிலத்தில் குரூவ்பாக்ஸ் என்பார்கள். டிரம் ஒலிகள், பேஸ் என்கிற கனத்த தாழ்ந்த ஒலிகள், சில செயற்கை வாத்திய ஒலிகள், அவற்றை வரிசையாக அடுக்கி ஓடவிடும் வசதி, எல்லாம் ஒரே பெட்டிக்குள். கணினி தேவையில்லை. ஒரு சுற்றுத் தாளத்தைத் தட்டி வைத்தால் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அடுத்த ஒலி, அதன் மேல் இன்னொன்று. திருகுகளைத் திருப்பினால் ஒலியின் முனை கூராகும், மழுங்கும்.

இதன் குறையும் அதுதான். கோர்வையாக மாறிக்கொண்டே போகும் ராகம், நீண்ட மெட்டு எல்லாம் இதில் எளிதில் வராது. சுற்றிச் சுற்றி வருவதுதான் வரும். 'அருளர்' ஆல்பத்தைக் கேட்டால் இது புரியும். பாடல்களில் மெட்டைவிட அடிதான் முன்னே நிற்கிறது. சரணம் எங்கே, பல்லவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் பாட்டு முடிந்துவிடும். கருவியின் குறையை அவர் மறைக்கப் பார்க்கவில்லை, அதையே தன் பாணியாக்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு.

நானும் அதே பெட்டி வாங்கினா அந்த சத்தம் வருமா?

வராது. நண்பனிடம் இதே வகைப் பெட்டி ஒன்றைக் கடன் வாங்கி நான் நாலு நாள் மல்லுக்கட்டினேன். கல்யாண மண்டபக் கீபோர்டில் 'டெமோ' பொத்தானை அமுக்கியது மாதிரி ஒன்று வந்தது. என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகளே அந்தப் பெட்டியைவிட அதிகம் செய்யும். எதை விட்டுவிடுவது என்ற முடிவுதான் கடினம். அவருடைய முதல் வெளியீடான 'கலாங்' பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டு, ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் இடங்கள் நிறைய.

எம்.ஐ.ஏ. ன்னா என்ன? மாயாவோட இனிஷியலா?

இல்லை. போர்க்களத்தில் காணாமல் போனவர்களைக் குறிக்க ஆங்கில ராணுவ வழக்கில் உள்ள 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்' என்பதன் சுருக்கம். 2001-இல் ஈழத் தமிழ் இளைஞர்களைப் பற்றிப் படமெடுக்க அவர் இலங்கைக்குப் போனார். தன் வயதை ஒத்த உறவுக்காரப் பையன் ஒருவன் போரில் காணாமல் போயிருந்தான். அவனை நினைத்து வைத்த பெயர் என்று சொல்லியிருக்கிறார். கூடவே லண்டனில் ஆக்டன் என்ற பகுதியில் தான் இருந்ததை வைத்து 'மிஸ்ஸிங் இன் ஆக்டன்' என்ற கிண்டலும் அதில் உண்டு.

காணாமல் போனவர்களின் படத்தோடு தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கும் நமக்கு அந்த மூன்று எழுத்து வேறு மாதிரி கேட்கும். லண்டன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல மேடைப்பெயர், அவ்வளவுதான்.

அந்தப் படம் என்ன ஆச்சு?

அப்போது முடியவில்லை. எடுத்த காட்சிகள் அப்படியே பெட்டியில் கிடந்தன. பல வருடம் கழித்து, கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவற்றையும் மாயா வருடக்கணக்கில் எடுத்துவைத்த மற்ற காட்சிகளையும் சேர்த்து ஓர் ஆவணப்படமாக்கினார். 2018-இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டுப் பரிசும் பெற்றது.

2001-இல் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே வருடம் லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் ஒரு கடையில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. அட்டையில் உருவத்தை வெட்டி அதன்மேல் வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சில் முறை. புலி, பனை, டாங்கி, துப்பாக்கி, கையெறி குண்டு, எல்லாம் பளீரென்ற இளஞ்சிவப்பிலும் பச்சையிலும். வாங்கியவர்களில் நடிகர் ஜூட் லாவும் ஒருவர். 'கலாங்' வீடியோவில் மாயாவுக்குப் பின்னால் ஓடும் படங்கள் இதே கைவரிசைதான். முதலில் சுவரில் வந்தது, பிறகு பாட்டில் வந்தது.

'கலாங்' தமிழா? கலங்கு, கலக்கு மாதிரி ஏதாவது?

பெரியம்மாவின் கேள்வி இது. நன்றாகத்தான் யோசித்திருக்கிறார், ஆனால் இல்லை. ஜமைக்கா பேச்சுவழக்கில் 'போய்க்கிட்டே இரு' என்பது போன்ற பொருள்.

முதல் பாட்டு எப்படி வெளியே வந்துச்சு?

முதலில் தான் பாடுவதாகவே அவருக்கு எண்ணமில்லை. தாளம் செய்து கொடுத்து வேறு பாடகிகளைப் பாட வைப்பதாகத் திட்டம். ஆள் அமையவில்லை, தானே பாடினார். எம்சி-505, பழைய நாலு தட ஒலிப்பதிவுக் கருவி, ஒரு மைக். இவற்றை வைத்து ஆறு பாட்டுகள் கொண்ட மாதிரி ஒலிநாடா ஒன்று தயாரானது. அதில் 'கலாங்' ஒன்று.

அதைக் கேட்ட ராஸ் ஆர்ட்டன், பல்ப் குழுவில் பேஸ் கிதார் வாசித்த ஸ்டீவ் மேக்கி இருவரும் பாட்டைச் செப்பனிட்டார்கள். எழுதியவர்கள் என்று மாயா, ஃபிரிஷ்மன், ஆர்ட்டன், மேக்கி நால்வர் பெயரும் இருக்கும். 2003 கடைசியில் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் 500 வினைல் தட்டுகள் போட்டது. ஐந்நூறுதான்! அவை டிஜேக்கள் கைக்குப் போயின. அங்கிருந்து இணையத்தில் கோப்புகளாகப் பரவி, கல்லூரி வானொலி, ஃபேஷன் நிகழ்ச்சி மேடை என்று சுற்றியது.

ஐந்நூறு காப்பி வச்சு எப்படிப் பெரிய கம்பெனி கிடைச்சது?

காலம் கூடிவந்தது. 2003-இல் லண்டனில் கிரைம் (grime) என்ற புது வகை ராப் கிழக்கு லண்டன் பையன்களிடமிருந்து வெடித்துக் கிளம்பியிருந்தது. அவர்களில் ஒருவரான டிஸி ராஸ்கல், பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசையே அந்த வருடம் வாங்கினார். அவருடைய ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ். தெருவிலிருந்து வரும் கரடுமுரடான மின்னணு ஒலிக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே எக்ஸ்எல்தான் மாயாவையும் ஒப்பந்தம் செய்தது. 2004 ஜூலையில் 'சன்ஷவர்ஸ்', இலையுதிர் காலத்தில் 'கலாங்' மறுவெளியீடு.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. கதவு திறந்திருந்தது என்பது சரிதான். ஆனால் அன்றைக்கு லண்டனில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நூறு பேரில் ஸ்டென்சில், துணி, வீடியோ, பாட்டு நாலையும் ஒரே கையால் செய்துகொண்டு வந்தவர் எத்தனை பேர்?

குரல் அவ்வளவு நல்லா இல்லையே. பாடவே தெரியலையேன்னு தோணுது.

சங்கீதக் காதோடு கேட்டால் அப்படித்தான் தோன்றும். சுருதி சுத்தமோ சங்கதியோ அங்கே கிடையாது. நான் அதை வேறு மாதிரி கேட்கிறேன். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்' என்று பிள்ளைகள் கைகோத்துப் பாடும்போது குரல் வளத்தை யாரும் பார்ப்பதில்லை. அடியும் சொல்லும் ஒட்டி விழுகிறதா என்பதுதான் விஷயம். 'கலாங்' கடைசியில் வரும் கூட்டுக் கூச்சல் எனக்கு அந்த வகை. ஒரே குரலை இரண்டு மூன்று முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தெருப் பிள்ளைகள் கூட்டம் மாதிரி கேட்கும். அது வேண்டுமென்றே செய்தது.

எல்லாப் பாட்டிலும் இது எடுபடுகிறது என்று சொல்ல மாட்டேன். 'அருளர்' ஆல்பத்தின் நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் எனக்கும் சலிக்கும்.

பாட்டுல தமிழ் எங்க? தேடித்தேடி அலுத்துப்போச்சு.

முதல் ஆல்பத்தில் தேடினால் ஏமாற்றம்தான். லண்டன் தெரு ஆங்கிலம், ஜமைக்கா வழக்கு, தானே உருட்டிய சொற்கள். தொடக்கத்தில் 'பனானா' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு துண்டு வரும். ஆங்கிலம் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்த அகதிப் பிள்ளையின் கிண்டல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் ஒலி வருவது 2007-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'கலா'வில். அதில் 'பேம்பூ பேங்கா' பாட்டைப் போட்டுப் பாருங்கள். 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' எட்டிப்பார்க்கும். 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' படத்தின் 'திருவிழா' பாட்டும் உறுமி அடியும். அதற்காகச் சென்னைக்கே வந்து பதிந்தார். ஆனால் அது இந்தப் பக்கத்தின் எல்லையைத் தாண்டிய கதை.

ஏ. ஆர். ரஹ்மான்தானே இவரைக் கொண்டுவந்தார்?

காலக்கணக்கு இடிக்கிறது. ரஹ்மானோடு செய்த பாட்டு 2008-இல் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே 'அருளர்' மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. அந்த வருடப் பரிசு ஆன்டனி அண்ட் தி ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது.

அப்போ டிப்லோதான் எல்லாம் பண்ணினது, இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். என்னைச் சுத்தமாகக் கடுப்பேற்றுவதும் இதுதான்.

டிப்லோ பிலடெல்பியாவில் இருந்த ஒரு டிஜே. 2004-இல் லண்டன் ஃபேப்ரிக் கிளப்பில் அவர் மாயாவின் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது இருவரும் சந்தித்தார்கள். தேதியைக் கவனியுங்கள். அதற்குள் 'கலாங்' வந்துவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, 'சன்ஷவர்ஸ்' வெளியாகிவிட்டது. இருவரும் சேர்ந்து 2004 டிசம்பரில் 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிஸம்' என்ற கலவைத் தொகுப்பை வெளியிட்டார்கள். மாயாவின் பாட்டுகளை மற்றவர்களின் பிரபலமான இசையோடு பின்னிய வேலை அது. பின்னிய கை டிப்லோவுடையது, அதை மறுக்கவில்லை. 'அருளர்' ஆல்பத்தில் அவருடைய பங்கு 'பக்கி டன் கன்' பாட்டு. மற்றவற்றில் ஆர்ட்டன்–மேக்கி, ரிச்சர்ட் எக்ஸ், ஆன்ட் வைட்டிங், ஸ்விட்ச் என்று வேறு ஆட்கள்.

அப்படியிருந்தும் பல பத்திரிகைகள் டிப்லோவையே சூத்திரதாரி ஆக்கின. 2007-இல் ஒரு பேட்டியில் மாயா இதை நேருக்கு நேர் கண்டித்தார். 2015-இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், தனக்கும் இதே அநியாயம் நடக்கிறது என்று சொன்னபோது மாயாவின் இந்தப் புகாரைத்தான் எடுத்துக்காட்டினார். 'வாத்தியம் தெரியாது' என்று மேலே சொன்னேனே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கேள்வி வருகிறது. வாத்தியம் தெரியாத ஆண்கள் பெட்டியைத் தட்டினால் தயாரிப்பாளர், பெண் தட்டினால் பின்னால் யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும்.

கூட்டா செய்ததுன்னா, இவரோடதுன்னு எப்படிச் சொல்லலாம்?

நியாயமான கேள்வி. இந்த வகை இசையில் தனியாக யாரும் எதையும் செய்வதில்லை. 'பக்கி டன் கன்' பாட்டையே எடுங்கள். அடித்தளம் ரியோ டி ஜெனிரோ சேரிகளின் பைலே ஃபங்க் பாடகி டெய்ஸி டிக்ரோனாவின் பாட்டு. அந்தப் பாட்டில் ஒலிக்கும் ஊதுகுழல் 'ராக்கி' படத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் குத்துச்சண்டைப் படம் பிரேசில் போய், அங்கிருந்து பிலடெல்பியா வழியாக லண்டன் வந்து, ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வாயில் ஏறியிருக்கிறது. 'சன்ஷவர்ஸ்' பாட்டின் பல்லவியும் 1976-இல் வந்த ஓர் அமெரிக்க டிஸ்கோ பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: தயாரிப்பாளர் மாறும்போது பாட்டின் குணம் மாறுகிறதா? 'அருளர்' ஆல்பத்தில் ஐந்தாறு தயாரிப்பாளர்கள். கண்ணை மூடிக் கேட்டால் எது யார் செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் தெரிவது ஒரே ஆளின் கை.

ஆல்பம் ஏன் அவ்வளவு லேட்டா வந்துச்சு?

2004-இலேயே வரவேண்டியது. எடுத்தாண்ட ஒலித்துண்டுகளுக்கு உரிமை வாங்குவதில் மாதக்கணக்கில் இழுபறி. 2005 மார்ச்சில்தான் அமெரிக்காவில் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது முன்பு சொன்ன கலவைத் தொகுப்பு. உரிமைச் சிக்கலில் ஆல்பம் மாட்டிக்கொண்டிருக்கும்போது, யாரிடமும் உரிமை கேட்காத ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதற்கு 'திருட்டுப் பிரதி தீவிரவாதத்துக்குப் பணம் தருகிறது' என்று இசைத் துறையின் பிரச்சாரத்தையே தலைப்பாக வைத்த குசும்பு எனக்குப் பிடிக்கும்.

நல்லா வித்துச்சா?

விற்பனைப் பட்டியலில் பரிதாபம். அமெரிக்காவில் 190-ஆவது இடம், பிரிட்டனில் 98. அதே வருடம் அமெரிக்க விமர்சகர்கள் வாக்களிக்கும் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகைப் பட்டியலில் இரண்டாவது இடம், கான்யே வெஸ்டுக்கு அடுத்து. எழுதுபவர்கள் கொண்டாடினார்கள், கடையில் வாங்குபவர்கள் கண்டுகொள்ளவில்லை. மேடையில் மட்டும் கதை வேறு. 2005 கோச்செல்லா விழாவில் கூட்டம் விடாமல் கத்தி அவரை மறுபடி மேடைக்கு வரவழைத்தது. அந்த வருடமே எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம், பிறகு க்வென் ஸ்டெஃபானிக்கு முன்னால் பாடும் வாய்ப்பு.

அப்பா புலியாமே?

இல்லை. அப்பா அருட்பிரகாசம் ஈரோஸ் என்ற வேறொரு ஈழ இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அந்த இயக்கம் லண்டனில் தொடங்கிய வருடமும் மகள் பிறந்த வருடமும் ஒன்றே, 1975. இயக்கப் பெயர் அருளர். ஈழ வாசகர்களுக்கு 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் என்றால் உடனே தெரியும். மேற்கத்தியப் பத்திரிகைகளுக்குத் தமிழ் இயக்கம் என்றாலே ஒரே பெயர்தான் தெரிந்திருந்ததால் புலி என்றே எழுதித் தள்ளின. நம்மவர்களும் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்கிறார்கள்.

சரி, புலி படம் போட்டாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

போட்டார். டாங்கியும் குண்டும் போட்டார். 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் ஒரு வரி இருப்பதால் எம்டிவி அந்த வீடியோவைக் காட்ட மறுத்தது. தென்னிந்தியக் காட்டில் ராஜேஷ் டச்ரிவர் இயக்கிய வீடியோ அது. வரியை மாற்ற மாயா சம்மதிக்கவில்லை.

ஆதரவா, எதிர்ப்பா என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆரம்பக் காலப் பாட்டுகளில் கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது. குழந்தையாகப் பார்த்த பொருள்களின் பட்டியல்தான் இருக்கிறது. அந்தப் பொருள்களை இளஞ்சிவப்பில் அடித்து நடனமேடையில் வைத்தது சிலருக்கு ரத்தத்தை அலங்காரமாக்குவதாகப் பட்டது. அந்த உறுத்தல் எனக்கும் சில இடங்களில் உண்டு. ஆனால் போரைச் செய்தியில் மட்டும் பார்த்தவர் அதைச் சொல்வதற்கும், அதற்குள் பத்து வயது வரை வளர்ந்தவர் வரைவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

பெத்த அப்பாவோட இயக்கப் பேரை ஆல்பத்துக்கு வச்சா அவர் கோவிச்சுக்கலையா?

இதுதான் எனக்குப் பிடித்த கதை. அப்பாவோடு தொடர்பே இல்லை. இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்க்கும் ஆள் என்றால் ஒருநாள் இந்த ஆல்பம் கண்ணில் படும், அப்போது வருவார் என்று மகள் கணக்குப் போட்டார். கணக்கு பலித்தது. மின்னஞ்சல் வந்தது. பெருமையாக இருக்கிறது, ஆனால் ஆல்பத்தின் பெயரை மாற்று என்று! மகள் மாற்றவில்லை.

இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மா பெயர். யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் அல்ல அவர், எப்போதும் வீட்டில்தான் இருந்தார், தையல் இயந்திரத்துக்கு முன்னால். பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு எம்பிஇ பட்டம் தந்தபோது, அம்மாவும் ஓர் உறவினரும் வருடக்கணக்கில் குறைந்த கூலிக்குக் கையால் தைத்தது இதே பதக்கங்களின் ரிப்பனைத்தான் என்று மாயா சொன்னார். அப்பா 2019-இல் காலமானார்.

எந்த வரிசையில கேக்கணும்?

'கலாங்' முதலில், வீடியோவோடு. பிறகு 'சன்ஷவர்ஸ்'. அதன்பின் 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிஸம்' முழுக்க ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல். கடைசியில் 'அருளர்'. கலவைத் தொகுப்பை ஆல்பத்துக்கு முன்பே கேட்பது முக்கியம், வந்த வரிசையும் அதுதான். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாட்டில் பாதி பேஸில் இருக்கிறது, அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அது வரவே வராது.

அந்த 500 தட்டுல ஒண்ணு இப்ப கிடைக்குமா?

பழைய வினைல் விற்பவர்களிடம் எப்போதாவது தலைகாட்டும். வாங்குவதாக இருந்தால் நடு வட்டத்தில் ஷோபிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்எல் என்று இருந்தால் அது 2004 மறுவெளியீடு, அதற்கு அந்த விலை கொடுக்க வேண்டாம். என்னிடம் இருப்பது எக்ஸ்எல்தான். வாங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.